நாலு வீட்டுக்கு ஒரு பூட்ஸ்

லோவா கப்பலில் ஈஸ்லேவுருக்குச் சல்லடை வேலை. கப்பலின் விலாவிலிருந்து ஒரு தடித்த குழாய் கடலடி வரைக்கும் இறங்கும். பம்பு உறுமத் தொடங்கியதும், கீழே கிடக்கும் சிப்பி மணல் தண்ணீரோடு கலந்து மேலேறி வந்து, தளத்திலுள்ள இரும்புச் சல்லடையில் கொட்டும். மணல் சரக்கறைக்குள் இறங்கிப் படியும். தண்ணீர் இருபுறமும் வழிந்து கடலுக்கே போய்விடும். சல்லடையில் சிக்கி நிற்கும் கருங்கல், உடையாத சிப்பி, அறுந்த வலைத்துண்டு, எப்போதாவது ஒரு திமிங்கில எலும்பு, எல்லாவற்றையும் நீளக்காம்பு வாரியால் இழுத்துக் கடலில் தள்ளுவது அவன் பொறுப்பு. மழையானாலும் பனியானாலும் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. சல்லடை அடைத்துக்கொண்டால் பம்பு திணறும். பம்பு திணறினால் கேப்டன் ஹால்வர்தூர் மேலேயிருந்து கத்துவார்.

எங்கள் வடகடல் தீவு நாட்டில் சுண்ணாம்புக்கல் கிடையாது. எங்கே தோண்டினாலும் எரிமலை கக்கிய கருங்கல்தான். அதனால் கால்தாநெஸ்ஸில் சிமெண்ட் ஆலை கட்டியபோது சுண்ணாம்புக்குக் கடலைத்தான் நம்பினார்கள். ஃபாக்ஸா வளைகுடாவில், அந்தக் குளிர்ந்த தண்ணீருக்கு அடியில், மட்டியும் கிளிஞ்சலும் கொட்டலசும் தலைமுறை தலைமுறையாகச் செத்து நொறுங்கி மேடாகக் கிடந்தன. அதை உறிஞ்சிக் கொண்டுவந்து கரையில் குவித்து, அரைத்து, உலையில் சுட்டால் சிமெண்ட். ஊரில் பாதிப் பேருக்கு அதில்தான் பிழைப்பு ஓடியது. மேற்கிலிருந்து காற்று அடித்தால் குவியலிலிருந்து மணல் கிளம்பி ஊர் முழுக்க விழும். துவைத்துப் போட்ட துணியிலும் சன்னல் விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்து அழுகிய சிப்பி நாற்றம் வீசும். யாரும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அந்த மேட்டின் ஓரத்தில்தான் ஈஸ்லேவுரின் தம்பி கோல்பெய்ன் காணாமல் போனான். ஆலை வருவதற்கு முன்னால் நடந்தது அது. ஒரு பிப்ரவரி மாதம் ஸ்வாலா என்ற படகில் நாலு பேர் தூண்டில் கயிறு இறக்கப் போனார்கள். மத்தியானத்துக்குள் வடக்கிலிருந்து பனிக்காற்று சுழன்று வந்தது. மற்றப் படகுகள் தட்டுத்தடுமாறிக் கரை சேர்ந்தன. ஸ்வாலா வரவில்லை. ஒரு பலகை, ஒரு துடுப்பு, ஒரு மிதவைகூடக் கிடைக்கவில்லை. ஒரு வாரம் தேடினார்கள், பிறகு கோயிலில் நாலு பேர் பெயரையும் வாசித்தார்கள்.

பெயர் வாசிக்கத் தொடங்கும் முன்பே கோல்பெய்னின் மனைவி சால்வோர் எழுந்து வெளியே போய்விட்டாள். அன்றைக்கு மட்டுமல்ல. வருஷா வருஷம் ஜூன் மாத மாலுமிகள் ஞாயிறன்று கடலில் போனவர்களின் பெயரை வாசிக்கும்போதெல்லாம் அப்படித்தான் செய்தாள். கறுப்பு உடுத்தவில்லை. கதவில் கோல்பெய்னின் பெயர்ப்பலகையைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். தொலைபேசிப் புத்தகத்திலும் அவன் பெயர்தான். அன்று வளைகுடாவுக்கு வெளியே வெளிநாட்டு டிராலர்கள் என்னும் இழுவலைக் கப்பல்கள் நின்றது எல்லோருக்கும் தெரியும். அதில் ஒன்று அவனை ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்பது அவள் கணக்கு. ருஷ்யாக்காரனாக இருந்தால் விடமாட்டான், ஆங்கிலேயனாக இருந்தால் தலையில் அடிபட்டவனுக்கு ஊர் பெயர் மறந்திருக்கும். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

ஈஸ்லேவுரும் தலையாட்டினான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு அது. மேல்மாடி தம்பிக்கு, கீழ்த்தளம் அவனுக்கு என்று முன்பே பேசிக்கொண்டதுதான். தம்பி போனபின் அவன் மீன்பிடிப் படகில் ஏறவில்லை. லோவாவில் வேலை கிடைத்ததும் சேர்ந்துகொண்டான். தம்பியைத் தேடத்தான் சேர்ந்தான் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அப்படி ஒன்றுமில்லை. கப்பல் காலையில் போய் மறுநாளுக்குள் திரும்பிவிடும், சம்பளம் பனிக்காலத்திலும் நிற்காது. மேல்மாடியில் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருந்தார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதற்கான முயற்சியும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேலே போய்ச் சாப்பிடுவான். அவித்த மீன், உருளைக்கிழங்கு, மேலே உருக்கி ஊற்றிய ஆட்டுக்கொழுப்பு. சால்வோர் மீன் உறைய வைக்கும் ஆலையில் துண்டு போடுகிறவள். வாரம் முழுக்க மீனையே பார்த்துவிட்டு ஞாயிறன்றும் மீனையே சமைப்பாள்.

"இன்னிக்கு என்ன புடிச்ச?" என்று தட்டை நீட்டிக்கொண்டே கேட்பாள்.

"கல்லு."

"நல்லா வேகுமா?"

"உன் கையில வேகும்."

இதற்குத் தம்பி மகள் த்ரீவா ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். அப்பா போனபோது அவளுக்கு இரண்டு வயது. அவன் முகம் அவளுக்குப் புகைப்படத்தில் பார்த்ததுதான். பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பனியில் சறுக்கப் பழகியது. சாப்பாடு முடிந்து, கற்கண்டுக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு காபி உறிஞ்சும்போது சால்வோர் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்பாள்: "வேற ஒண்ணும் வரலையே?"

"ஒண்ணும் வரல."

அவள் முகம் தெளிந்துவிடும். ஒன்றும் வராத வரைக்கும் அவள் கணக்கு சரியாக இருந்தது.

தம்பி போன ஒன்பதாம் வருஷம், ஒரு மே மாதக் காலை, காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. மேட்டின் வடக்கு ஓரத்தில் கப்பலை நிறுத்தியிருந்தார்கள், நல்ல வெள்ளை மணல் வந்துகொண்டிருந்தது. ஈஸ்லேவுர் வாரியை இழுத்தபோது அதன் பல்லில் ஒரு பூட்ஸ் மாட்டியது.

"என்னடா அது?" மேலேயிருந்து ஹால்வர்தூர் கேட்டார்.

"பூட்ஸு, கேப்டன்."

"தள்ளி விடு."

பூட்ஸ் வருவது புதிதில்லை. கப்பலில் போகிறவர்கள் கிழிந்ததைக் கடலில்தான் வீசுவார்கள். ஆனால் இது கனத்தது. கணுக்கால் வரைக்கும் மணல் இறுகி அடைத்துக் கிடந்தது. அவன் அதைக் கவிழ்த்து இரும்பில் தட்டினான். கொஞ்சம் மணல் கொட்டியது. விரலை விட்டுத் தோண்டினான். ஈரக் கம்பளி தட்டுப்பட்டது. கம்பளிக்குள் சின்னச் சின்னதாகக் கெட்டியாக ஏதோ நகர்ந்தது. அவன் கையை வெளியே எடுத்துக்கொண்டான். இன்னொரு கையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பம்பை நிறுத்தச் சொன்னான்.

பம்பு நின்றதும் எல்லாம் அமைதியாகிவிட்டது. கேப்டன் இறங்கி வந்தார். பூட்ஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"ஈஸ்லேவுர், நான் சொல்றதக் கேளு. ஒரு ஜெபம் சொல்லிட்டு அத அப்படியே எறக்கி விட்டுடுவோம்."

"முடியாது, கேப்டன்."

"ஆலைக்காகச் சொல்றேன்னு நெனைக்காத. நாலு வீடு இருக்கு. அதுல ஒண்ணு உன் வீடு. கொண்டு போனா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"தெரிஞ்சுடும்ல. தெரிஞ்சாப் போதும்."

"யாருக்குப் போதும்?"

ஈஸ்லேவுர் பூட்ஸைத் தளத்தில் நிமிர்த்தி வைத்தான். மேலே போட்டிருந்த எண்ணெய்த்துணிச் சட்டையைக் கழற்றி, உள்ளேயிருந்த கம்பளிச் சட்டையையும் கழற்றி, பூட்ஸை அதில் சுற்றினான். கரைக்குத் திரும்பும் வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சமையல்காரர் காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் ஒரு வெள்ளைத் துணியில் எலும்புகளைப் பரப்பி அடுக்கிப் பார்த்தார். வலது கால், ஆண் கால், நடுவயதைத் தாண்டாதவன். அதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"இவ்வளவு நாள் எப்படிங்க கெடாம இருந்துச்சு?" என்று கேட்டான் ஈஸ்லேவுர்.

"சிப்பி மணல்ல கெடந்ததால இருந்துச்சு. எலும்பும் சுண்ணாம்பு, அதுவும் சுண்ணாம்பு. வேற மண்ணா இருந்தா எப்பவோ கரைஞ்சிருக்கும்."

பூட்ஸைப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அந்த வருஷம் கூட்டுறவுக் கடைக்கு வந்தது ஒரே சரக்கு. ஊர் முழுக்க அதே கறுப்பு ரப்பர், அதே உயரம். நாலு பேரும் நடுத்தர அளவுக் கால்காரர்கள். கம்பளிக் காலுறை நைந்து நூலாகிவிட்டது. மூன்று வீட்டுப் பெண்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள்.

போதகர் தன் வீட்டு முன்னறையில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மகனைப் பறிகொடுத்த கிழவர் தோர்கில்ஸ், சுத்தமான சட்டைபோட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் வந்தார். ஸ்வாலாவில் போன எஞ்சின்காரனின் மனைவி ரன்வெய்க் வந்தாள். அவளுக்கு இரண்டாவது கல்யாணம் ஆகி அதில் குழந்தைகளும் இருந்தன. நாலாவது ஆளுக்கு ஊரில் யாரும் இல்லை. பெரியவர்கள் என்ன முடிவு செய்தாலும் சம்மதம் என்று அவன் தமக்கை தந்தி கொடுத்திருந்தாள். சால்வோர் வேலையிலிருந்து நேராக வந்தாள், வெள்ளை ரப்பர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"எம் பையன்தான்," என்றார் தோர்கில்ஸ். "அவனுக்கு வலது கால் கொஞ்சம் உள்பக்கமா வரும். ஓடறப்போ தெரியும்."

டாக்டர் தயங்கினார். "எலும்ப வெச்சு அதச் சொல்ல முடியாதுங்க."

"உங்களால முடியாது. நான் பெத்தவன்."

ரன்வெய்க் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "ஐயா, நாலு பேரும் ஒரே படகுல போனாங்க. ஒரே கெண்டியில காபி குடிச்சாங்க. ஒருத்தன் சட்டைய ஒருத்தன் போட்டுக்குவான். கால் மட்டும் யாருதுன்னு பிரிக்கணுமா? நாலு பேரு பேரையும் எழுதிப் பொதைச்சுடுங்க. என் பிள்ளைங்களுக்கு ஒரு எடம்னு இருக்கட்டும்."

போதகருக்கு அது பிடித்திருந்தது. தோர்கில்ஸும் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். மகன் பெயர் முதலில் வரவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

"மூணு பேரு போடுங்க," என்றாள் சால்வோர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"சால்வோர், யாரும் உன்னக் கட்டாயப்படுத்தல..." என்று தொடங்கினார் போதகர்.

"படகுல நாலு பேரு. கெடச்சது ஒரு காலு. என் புருஷனுக்கு ரெண்டு காலும் இருக்கு. மூணு பேரப் போட்டுப் பொதைச்சுக்குங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல."

"அம்மா," என்றார் தோர்கில்ஸ், "நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன்."

"அப்படின்னா நீங்க விட்டுட்டீங்க. நான் விடல."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். இந்தப் பேச்சு முழுக்க அவள் ஈஸ்லேவுர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அடக்கத்துக்குத் தச்சர் ஒரு பெட்டி செய்தார். ரொட்டிப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். அதை ஒருவரே தூக்கிவிடலாம், ஆனாலும் தோர்கில்ஸும் ஈஸ்லேவுரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். கிழவரின் நடை தள்ளாடியதில் உள்ளே ஏதோ உருண்டது. இரண்டு பேரும் நின்றார்கள். பிறகு மெதுவாக நடந்தார்கள். கோயில் நிரம்பி வழிந்தது, மீன் ஆலையில் பாதிப் பேர் விடுப்பு எடுத்திருந்தார்கள். சால்வோர் எடுக்கவில்லை. ஆளில்லாத மேசையில் அவள் தனியாக நின்று நாள் முழுக்க மீன் அறுத்தாள் என்று பிற்பாடு சொன்னார்கள்.

த்ரீவா பள்ளிக்கூடத்திலிருந்து நழுவி வந்திருந்தாள். குழிக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள்.

"பெரியப்பா, அது எந்தக் காலு?"

"வலது."

"இடது கால் இன்னும் கீழதான் இருக்கா?"

"இருக்கும்."

"அதுவும் வந்தா இந்தப் பெட்டியிலயே வெப்பாங்களா?"

அவன் அவள் கையை அழுத்தினான். மரச்சிலுவையில் மூன்று பெயர் எழுதியிருந்தது. அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள், கடைசிப் பெயருக்குக் கீழே மிஞ்சியிருந்த இடத்தையும் பார்த்தாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவன் வழக்கம்போல மேலே ஏறிப் போனான். கதவு பூட்டியிருந்தது. உள்ளே சாப்பாட்டுத் தட்டுகளின் ஓசை கேட்டது. அவன் தட்டவில்லை. படியிலேயே உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. சால்வோர் வெளியே வந்து, கதவை முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டு நின்றாள்.

"த்ரீவா ஒன்னக் கேட்டுக்கிட்டே இருக்கா. அதனால சொல்லிடறேன். இனி மேல வராத."

"சால்வோர், அது அவனோடதுன்னு நான் சொல்லவே இல்ல."

"சொல்லல. கொண்டு வந்த."

"கடல்ல தூக்கிப் போட்டிருக்கணுமா?"

"ஆமா."

"எப்படிம்மா போடறது? என் தம்பியா இருந்தா?"

"ஒன்பது வருஷம் அவன் எங்கயோ நடந்துக்கிட்டு இருந்தான், ஈஸ்லேவுர். நான் மீன் அறுத்துக்கிட்டு நிக்கறப்போ அவன் எங்கயோ ஒரு துறைமுகத்துல நடந்துக்கிட்டு இருப்பான். காலையில எந்திரிச்சா அந்த நெனைப்புலதான் தரையில கால் வெப்பேன். நீ அந்தக் கால எடுத்துட்டு வந்துட்ட. இப்ப அவன் நடக்கறதா நெனைக்க முடியல. கண்ண மூடினா நொண்டறான்."

"வேற யாரோடதாவும் இருக்கலாம்ல," என்றான்.

"இருக்கலாம். அதக்கூட நிச்சயமாத் தெரிஞ்சுக்க முடியாதபடி பண்ணிட்ட."

கதவு சாத்திக்கொண்டது. கோல்பெய்னின் பெயர்ப்பலகை அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. அதில் படிந்திருந்த மணல் தூசியை யாரும் துடைத்திருக்கவில்லை.

ஈஸ்லேவுர் கேப்டனிடம் போய், வடக்கு ஓரத்தை விட்டுவிடலாமா என்று கேட்டான். ஹால்வர்தூர் கல் நெஞ்சுக்காரர் அல்ல. அந்தக் கோடை முழுக்கக் கப்பலைத் தெற்கே கொண்டுபோய் நிறுத்தினார். ஆனால் அங்கே மணலில் பாதி கருங்கல் பொடி. கரையில் குவித்தபோது குவியல் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. உலையில் வேலை செய்கிறவர்கள் திட்டினார்கள், சுட்ட சரக்கு திரும்பத் திரும்பக் கழிவாகப் போனது. ஆலை மேலாளர் ஒருவர் கப்பலுக்கே வந்து கேப்டனோடு கதவை மூடிக்கொண்டு பேசினார். பிறகு கப்பல் ஆட்களே முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"செத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க," என்றான் எஞ்சின் அறை ஆள் ஒருவன், சாப்பாட்டு மேசையில், யாரையும் பார்க்காமல். "சம்பளம் கொறஞ்சா எம் பொண்டாட்டி கோவிச்சுக்குவா."

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஈஸ்லேவுர் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

இலையுதிர்காலத்தில் கேப்டன் அவனைத் தனியே கூப்பிட்டார். "நாளைக்கு மேட்டுக்கே போறோம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். நீ வேணா கரையில இரு. மணல் கொட்டி வைக்கிற எடத்துல வேலை போட்டுத் தரச் சொல்றேன்."

"வேண்டாம் கேப்டன். சல்லடையில நானே நிக்கிறேன்."

"எதுக்குடா உனக்கு அந்தத் தண்டனை?"

"வேற யாராவது நின்னா வாரியால இழுத்துத் தள்ளிடுவான்."

அவன் நின்றான். வடக்கு ஓரம் முழுவதையும் லோவா உறிஞ்சியது, ஒவ்வொரு பயணமும் ஒரு குழி. அவன் ஒவ்வொரு கல்லையும் கையால் புரட்டினான். வாரியைத் தொடவே பயந்தான். விரல்கள் வெடித்து, கோடையிலும் ஆறவில்லை. பம்பு திணறும்போது கேப்டன் இப்போது கத்துவதில்லை. ஒன்றும் வரவில்லை. மட்டி வந்தது, கடல் முள்ளெலி ஓடு வந்தது, யாரோ பழங்காலத்தில் தொலைத்த ஈயக்குண்டு வந்தது.

தலைநகரிலிருந்து இரண்டு பேர் ஆழம் பார்க்கும் கருவியோடு கப்பலில் வந்தார்கள். கருவி ஒரு காகிதச் சுருளில் கடலடியை வரைந்துகொண்டே போனது. கோடு ஓரிடத்தில் தொப்தொப்பென்று பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அது லோவா முதல் வருஷம் தோண்டிய இடம் என்று ஈஸ்லேவுருக்குத் தெரிந்தது.

"இதெல்லாம் எப்பங்க தூரும்?" என்று கேட்டான்.

அவர்களில் இளையவர் நிமிர்ந்து பார்த்தார். "தூராதுங்க. இந்த மேடு சேர்றதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் ஆயிருக்கு. குளிர்ந்த கடல்ல சிப்பி மெதுவாத்தான் வளரும். ஒரு மனுஷன் ஆயுசுல விரல் நகம் கனத்துக்குக்கூடச் சேராது."

"அப்ப நாங்க எடுத்த எடம் அப்படியே கெடக்குமா?"

"நாம எல்லாரும் போனதுக்கு அப்புறமும் கெடக்கும்."

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் சல்லடையில் ஒரு எனாமல் குவளை வந்து விழுந்தது. வெள்ளைக் குவளை, நீல விளிம்பு, உள்ளே மணல் இறுகியிருந்தது. அடியில் ஆணியால் கீறிய ஏதோ எழுத்து தெரிந்தது. எந்தப் படகின் குவளையாகவும் இருக்கலாம். ஈஸ்லேவுர் அதைக் கையில் எடுக்கவில்லை. எழுத்தை வாசிக்கக் குனியவில்லை. மேலே பார்த்தான், கேப்டன் வேறு பக்கம் திரும்பியிருந்தார். வாரியை எடுத்து அதைக் கல்லோடு கல்லாக ஓரத்துக்கு இழுத்து, கடலில் தள்ளினான். மறுநாளிலிருந்து வாரியால்தான் வேலை செய்தான்.

சால்வோர் அந்த வசந்தத்தில் மேல்மாடியை விற்றுவிட்டுத் தெற்கே போனாள். வாங்கியவர்கள் ஆலைக்குப் புதிதாக வந்த ஒரு மின்சாரக்காரர் குடும்பம். சாமான் ஏற்றும்போது ஈஸ்லேவுர் கீழே அறைக்குள்ளேயே இருந்தான். த்ரீவா ஓடிவந்து சன்னலில் தட்டினாள். அவன் சன்னலைத் திறந்தான். அவள் கையை உள்ளே நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். மேலேயிருந்து அம்மா கூப்பிட்டதும் அவள் கையை உருவிக்கொண்டு போனாள். வண்டி போனபின் அவன் வெளியே வந்து பார்த்தபோது கதவில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டை இருந்தது.

ஈஸ்லேவுர் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச வருஷம் கழித்து அனுப்புவதை நிறுத்தினான். தோர்கில்ஸ் கிழவர் இறந்ததும் அந்தச் சின்னக் குழிக்குப் பக்கத்திலேயே அவரை வைத்தார்கள். கடைசிவரை அவர் ஞாயிறுதோறும் வந்து அந்தக் காலோடு பேசிக்கொண்டிருப்பார். ஒரு தடவை ஈஸ்லேவுரிடம் சொன்னார்: "தம்பி, நீ கொண்டு வந்தியே, அதுக்கு நான் ஒனக்குக் கடமைப்பட்டிருக்கேன்." அந்தச் சொல்லை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான். மேல்மாடியில் மின்சாரக்காரரின் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கிழவரின் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

சால்வோர் இறந்த செய்தி வானொலியில்தான் அவன் காதில் விழுந்தது. மற்ற மரண அறிவிப்புகளுக்கு நடுவில் அவள் பெயர் வந்தது. அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அடக்கம் முடிந்துவிட்டது என்றும், இறந்தவளின் விருப்பப்படி நெருங்கியவர்களோடு நடந்தது என்றும் சொன்னார்கள்.

அடுத்த கோடையில் த்ரீவா வந்தாள். முப்பதைத் தாண்டிய பெண், அம்மாவின் நெற்றி, கோல்பெய்னின் தடித்த கழுத்து. அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவன் காபி போட்டான், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாதி சாசரில் கொட்டியது.

"பெரியப்பா, கல்லறைக்குப் போயிட்டு வந்தேன். சிலுவையில இன்னும் எடம் இருக்கு."

"இருக்கு."

"அப்பா பேர எழுதலாமான்னு பாக்கறேன். அம்மாதான் இப்ப இல்லையே."

"எழுதும்மா. ஒனக்குத்தான் உரிமை."

அவள் சாசரிலிருந்த காபியைக் குவளைக்குள் திருப்பி ஊற்றினாள். "அம்மா கடைசி வரைக்கும் அதப் பத்திப் பேசவே இல்ல. டிராலர் கதையையும் விட்டுட்டா. வேற ஒண்ணுத்தையும் அந்த எடத்துல வெச்சுக்கல." நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன். நேராச் சொல்லுங்க. அது அப்பாதானா?"

அவனுக்கு ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. இல்லை என்று சொல்லவும் ஆசையாக இருந்தது. எதைச் சொன்னாலும் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கும்.

"தெரியலம்மா," என்றான்.

"உங்களுக்கு என்ன தோணுது?"

"முன்ன தோணும். இப்ப எதுவும் தோணறதில்ல."

அவள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பிற்பகல் பேருந்தில் திரும்பிப் போனாள். பெயரை எழுதச் சொல்லவில்லை. ஏன் என்று அவன் கேட்கவுமில்லை.

ஆலை உலையை அணைத்த வருஷத்தில் ஈஸ்லேவுர் முதியோர் இல்லத்தில் இருந்தான். முதுகு போய்விட்டிருந்தது, காதும் மந்தம். லோவாவை முன்பே விற்றுவிட்டார்கள், எந்த நாட்டுக்காரன் வாங்கினான் என்று யாருக்கும் நினைவில்லை. ஆலைப் புகைபோக்கியைப் பற்றி ஊரில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இடிப்பதா விடுவதா என்று செவிலிப்பெண் அவன் காதருகே சத்தமாகச் சொல்வாள். அவன் தலையாட்டுவான்.

அவன் அறை சன்னல் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்திருந்தது. கடலைப் பார்த்த அறை ஒன்று காலியானபோது அவள் வந்து கேட்டாள்.

"அந்தப் பக்கம் மாத்தித் தரட்டுமா? வளைகுடா முழுசும் தெரியும். வெயில் நேரத்துல அழகா இருக்கும்."

"எனக்கு எதுக்கும்மா. வேற யாருக்காவது குடு," என்றான் ஈஸ்லேவுர்.